ஆயில் குடிக்கிற காரும் "ரிங் போச்சு" என்கிற தீர்ப்பும்

எங்க பக்கம் ஒரு காரு ஆயிலை அதிகமாக் குறைச்சா "வண்டி குடிக்குதுங்க" என்றுதான் சொல்லுவாங்க. குடிகாரனைப் பத்திப் பேசுற அதே குரல்தான். அடுத்த வார்த்தை யோசிக்காமலே வரும். "ரிங் போயிருச்சு. இஞ்சினை இறக்கணும்." டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்லுவார், தேங்காய் ஏத்துற வண்டி டிரைவர் சொல்லுவார், ஸ்டீயரிங்கையே தொடாதவரும் சொல்லுவார்.

இப்போ எங்க ஊர்ல ரெண்டு வீட்டுக்கு ஒரு காரு நிக்குது. எல்லாம் ஷோரூமில் பூமாலை போட்டு எடுத்ததில்லை. கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் யாரோ 10 வருஷம், 12 வருஷம் ஓட்டிக் கழிச்சதை வாங்கினதுதான். அந்த வண்டிக்கு ஆயில் குறைஞ்சா இஞ்சினை இறக்குறதா வேண்டாமாங்கிறது சின்ன விஷயம் இல்லைங்க. இஞ்சின் வேலைக்கு ஒரு நல்ல கறவை மாட்டின் விலை போயிரும். பிள்ளைக்கு காலேஜ் பணம் கட்டுற மாசத்தில் அப்படி ஒரு செலவு வந்தால் வீடே சுணங்கிப் போகும். அதனால இந்த "ரிங் போச்சு" என்கிற தீர்ப்பு எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தில் அது சரியாக இருந்தது, எப்போதிருந்து பாதி தப்பாப் போச்சு என்பதை எனக்குத் தெரிஞ்ச மட்டும் எழுதி வைக்கிறேன்.

முதல்ல ரிங் என்றால் என்ன என்று பாத்துக்கலாம். மருந்தடிக்கிற கைப்பம்பில் ஒரு தோல் வாஷர் இருக்குமே, அது தேய்ஞ்சா எவ்வளவு அடிச்சாலும் பிரஷர் ஏறாது. இஞ்சினில் பிஸ்டனுக்கு அந்த வேலையைச் செய்யுறது ரிங்கு. நீராவி இஞ்சின் காலத்தில் பிஸ்டனைச் சுத்தி நார்க்கயிறைத் திணிச்சு வைப்பாங்களாம். 1850-களில் இங்கிலாந்து ரயில்வேயில் வேலை பார்த்த ஜான் ராம்ஸ்பாட்டம் என்பவர்தான், ஒரு இடத்தில் வெட்டு விட்ட இரும்பு வளையத்தைப் பிஸ்டன் காடியில் உட்கார வைச்சார். வெட்டு இருப்பதால் அது ஸ்பிரிங் மாதிரி விரிஞ்சு சுவரை அழுத்திக்கொண்டே இருக்கும். தேயத் தேய இன்னும் விரியும். இன்றைக்கும் காரு, டிராக்டர், மோட்டார் சைக்கிள் எல்லாத்துக்கும் அதே யோசனைதான்.

காரில் ரிங்குக்கு ரெண்டு வேலை. மேலே இருக்கிற ரிங்குகள் வெடிப்பின் அழுத்தத்தைக் கீழே விடாமல் பிடிக்கும். அடியில் இருக்கிற ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் தெறிச்ச ஆயிலை வழிச்சுக் கீழே தள்ளும். தோசைக் கல்லில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு மட்டும் மிச்சம் இருக்கணும். பழைய அம்பாசிடர் டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் போறதுக்குள்ள பிஸ்டன் 2000 தடவைக்கு மேல ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலா ஆயில் தங்கினால் அது எரிஞ்சு சைலன்சர் வழியா நீலப் புகையாப் போகும்.

ஆனால் ஆயில் போறதுக்கு அது ஒரு வழிதான். இன்னும் மூணு வழி இருக்கு. கேஸ்கெட், ஆயில் சீல் வழியா வெளியில் ஒழுகலாம். மேலே ஹெட்டில் இருந்து வால்வு கைடு வழியா சிலிண்டருக்குள்ள இறங்கி எரியலாம். இஞ்சின் மூச்சு விடுற குழாய் இருக்குதே, அந்த பிரீதர் வழியா ஆவியாவும் துளியாவும் போகலாம். நாலும் நாலு வியாதி. மருந்தும் வேற, செலவும் வேற. ஒழுகலுக்கு சில நூறு ரூபாயில் முடியலாம், ரிங்குக்கு மாட்டை விக்கணும்.

அப்புறம் எப்படி ரிங்கு ஒண்ணு மட்டும் நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் பேராச்சு? அதுக்கு அம்பாசிடர் காலத்துக்குப் போகணும்.

சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில், 1949-ல், முழுசாக் கட்டின காரை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்யத் தடை வந்தது. 1953-ல், பாகங்களை இங்கேயே செய்யுற திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று அரசு முடிவெடுத்தது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி வித்துக்கிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிட்டாங்க. காரு என்று மிச்சம் இருந்தது மூணு பேர்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம்ம மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ல் வந்தது. பார்க்க அழகான வண்டி, ஆனா எங்க ஊர் மண் பாதைக்கு அது டாக்டருங்க, வக்கீலுங்க வண்டியாவே நின்னு போச்சு.

ஊருக்குள்ள வந்தது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது வரிசைக் காரின் அச்சை வாங்கி 1957-58 வாக்கில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பிச்சாங்க. 1959-ல் அதுக்கு 1489 சிசி மேல்வால்வு இஞ்சின் வந்தது. பெரிய மாத்தம் இல்லாமல் அதே இஞ்சின் முப்பது வருஷத்துக்கும் மேல ஓடிச்சு. என் வயசுக்காரங்க பிறந்ததில் இருந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் பானெட்டைத் திறந்தா அதே இஞ்சின்தான்.

புதுசு வேணும்னா பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அதனால இருக்கிற வண்டியைச் சாக விட முடியாது. இதுதான் கதையின் மையம் என்று நான் நினைக்கிறேன். வெளிநாட்டில் இஞ்சின் தேய்ஞ்சா வண்டியை மாத்திக்குவான். இங்கே ஒரு இஞ்சினுக்கு நாலு ஜென்மம், அஞ்சு ஜென்மம் உண்டு. அம்பாசிடர் சிலிண்டர் வாய் அகலம் 73 மில்லிமீட்டர். தேய்ஞ்சு போனா லேத்தில் கொடுத்து 10 தௌ கூட்டி போர் அடிச்சு அதுக்கேத்த பெரிய பிஸ்டன் போடுவாங்க. அப்புறம் 20, அப்புறம் 30, கடைசியா 40 தௌ. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 தௌ என்றால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். அதுக்கு மேல சுவர் தாங்காது. உள்ளே ஸ்லீவ் இறக்கி மறுபடியும் பழைய அளவுக்கே கொண்டு வருவாங்க. அதோட அடுத்த ஜென்மம் ஆரம்பம்.

இதுக்கு வேண்டிய பிஸ்டனும் ரிங்கும் இங்கேயே கிடைச்சது. மெட்ராஸ் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி 1949-ல் ஆரம்பிச்சாங்க. லேத்துக்குப் பஞ்சமே இல்லை. கோயமுத்தூரில் மில்லுக்கும் கிணத்து மோட்டாருக்கும் என்று பட்டறை பெருகின காலம் அது. அதுக்கும் முன்னாலயே எங்க பக்கம் பஸ் இஞ்சின் பழக்கம் உண்டு. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில ஒத்தை பஸ்ஸை ஓட்டி ஆரம்பிச்சு, பின்னால பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். பஸ் ஷெட்டில் எடுபிடியாச் சேர்ந்த பையன் பத்து வருஷத்தில் மெக்கானிக் ஆகி, தனியா ஷெட் போட்டு, கடைசியில் மேஸ்திரி ஆவான். எங்க ஊர்ப் பெரிய மேஸ்திரியும் அப்படி வந்தவர்தான். அவர் இப்போ இல்லை. இந்தக் கட்டுரையில் பாதி அவர் ஷெட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காதில் விழுந்தது.

சரி, அம்பாசிடர் ஏன் அவ்வளவு குடிச்சது?

முதல் காரணம் தூசி. இதை விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். புழுதி ஓட்டுற டிராக்டரில் ஏர் கிளீனரைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தக் காலத்து வண்டிகள் பலதில் ஏர் கிளீனர் அடியில் ஒரு ஆயில் தொட்டி இருக்கும். காத்து அதில் பட்டுத்தான் உள்ளே போகணும், தூசி ஆயிலில் ஒட்டிக்கும். தொட்டி சேறாப் போயிருக்கும், டிரைவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். செம்மண் தூசி சிலிண்டருக்குள்ள போனா உப்புத்தாள் வைச்சுத் தேய்ச்ச மாதிரிதான். ரிங்கும் தேயும், சுவரும் தேயும்.

ரெண்டாவது, சோக். குளிர்ந்த காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணிட்டு அதை உள்ளே தள்ள மறந்துருவாங்க. கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் கூடுதலா வந்து சுவரில் இருக்கிற ஆயில் பூச்சைக் கழுவி விட்டுரும். ஆயில் இல்லாத சுவரில் ரிங்கு உரசினா என்ன மிஞ்சும்?

மூணாவது பாரம். அஞ்சு பேர் போற வண்டியில் பத்துப் பேர் கல்யாணத்துக்குப் போவாங்க. மேலே கேரியரில் பாத்திரம் பண்டம். கூடவே, கலப்பட ஆயிலும் வடிகட்டின பழைய ஆயிலும் டின்னில் வந்தது. விலை குறைவு என்று டாக்சிக்காரங்க அதைத்தான் ஊத்துவாங்க.

இதெல்லாம் சேர்ந்தா உண்மையிலேயே ரிங்குதான் போகும். அதனால அந்தக் காலத்தில் ஆயில் குடிக்கிற வண்டியைப் பார்த்து "ரிங் போச்சு" என்று கண்ணை மூடிட்டுச் சொன்னாலும் பத்துக்கு ஆறு ஏழு சரியாத்தான் இருந்திருக்கும். சொல்லு அப்படித்தான் ஊரில் நிலைச்சது.

ஆனால் பெரிய மேஸ்திரி கண்ணை மூடிட்டுச் சொல்ல மாட்டார். அவருக்கு மிச்சம் மூணு பங்குதான் முக்கியம். அந்த இஞ்சினிலேயே ஒரு குறை உண்டு. கிராங்க் பின் முனையில் இந்தக் காலத்து வண்டி மாதிரி ரப்பர் ஆயில் சீல் கிடையாது. மரை வெட்டின மாதிரி ஒரு காடி இருக்கும். கிராங்க் சுத்தும்போது அது ஆயிலை உள்பக்கமாத் திருப்பி அனுப்பணும். பேரிங் தேய்ஞ்சு கிராங்க் ஆடினாலோ, உள்ளே அழுத்தம் ஏறினாலோ அது தோத்துப் போகும். கிளட்ச் பக்கம் சொட்டும். அம்பாசிடர் நின்ன இடத்தை வண்டி போன பின்னாலயும் கண்டுபிடிக்கலாம் என்பது அதனாலதான். டிரைவர் "வண்டி குடிக்குது" என்று வருவான். இவர் குனிஞ்சு அடியில் பார்த்துட்டு, "குடிக்கலப்பா, சிந்துது" என்பார்.

அவர் வண்டியை உடனே திறக்கவே மாட்டார். முதல்ல மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, இஞ்சின் ஆறின பொறகு மட்டக்கோலை உருவித் துடைச்சு, மறுபடி விட்டு எடுத்து, அளவு எங்கே நிக்குதோ அங்கே ஒரு சின்னக் கோடு போட்டுக்குவார். ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரிச்சுட்டுப் போகச் சொல்லுவார். கிலோமீட்டரை ஒரு சீட்டில் எழுதி டிரைவர் பையில் வைப்பார். "மூணு நாள் ஓட்டிட்டு வா கண்ணு, அப்புறம் பேசிக்கலாம்." கார்காரர் முனகுவார். மூணு நாள் டாக்சி வருமானம் இருக்கே, அதை யாரு தடுத்தா என்று இவர் சிரிப்பார்.

மூணு நாள் கழிச்சு வந்தா அவர் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எவ்வளவு புகை என்று கேட்க மாட்டார். "புகை எப்போ வருது?" என்று கேட்பார்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் குபுக்கென்று ஒரு நீலப் புகை வந்து அரை நிமிஷத்தில் நின்னுட்டா, ராத்திரி முழுக்க வால்வு தண்டு வழியா ஆயில் சொட்டி உள்ளே தேங்கியிருக்கு. அது மேல் வேலை. பாரத்தோட மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பிடிச்சிருக்கிற வரைக்கும் புகை தொடர்ந்து வந்தா ரிங்கு மேல சந்தேகம். இறக்கத்தில் கியரிலேயே விட்டு, ஆக்சிலேட்டரை விட்டுட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால ஒரு பெரிய நீலத் திரை விழுந்தா அது வால்வு கைடு. ஆக்சிலேட்டர் மூடி இருக்கும்போது இஞ்சின் உறிஞ்சுற உறிஞ்சு அதிகம். தேய்ஞ்ச கைடு வழியா ஆயிலை இழுத்து வைச்சுக்கும், மிதிச்சதும் எரிக்கும்.

எங்களுக்கு இதுக்கு ஒரு இயற்கையான சோதனைச்சாலை இருந்துச்சு. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ரிங்கு பேசும், இறங்கும்போது கைடு பேசும். எஸ்டேட்டுக்குப் போய் வர்ற டாக்சிக்காரங்களைத்தான் மேஸ்திரி நிறுத்திக் கேட்பார். "எத்தனாவது வளைவுல புகை பார்த்தே? ஏறயிலா, இறங்கயிலா?" பின்னால வந்த வண்டிக்காரன் சொன்னதையும் கேட்டு வைச்சுக்குவார், ஏன்னா ஓட்டுறவனுக்கு தன் புகை தெரியாது.

அப்புறம்தான் கையை வைப்பார். இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடிப்பார். புசு புசு என்று புகையும் காத்தும் கையைத் தள்ளினா அதுக்கு எங்க பக்கம் "பேக் கம்ப்ரெஷன்" என்று பேரு. வெடிப்பின் அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே போகுது என்று அர்த்தம். நாலு பிளக்கையும் கழட்டி வரிசை மாறாம துணியில் வைப்பார். ஒண்ணு மட்டும் ஆயிலில் நனைஞ்சு கருப்பா இருந்தா வியாதி அந்த ஒரு சிலிண்டரில். நாலுமே அப்படின்னா மொத்தத் தேய்மானம். கடைசியா கம்ப்ரெஷன் மீட்டர். அளவு குறைஞ்ச சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். ஏறினா ரிங்கு, ஏறலைன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. ஊத்தின ஆயில் ரிங்கின் சந்தைக் கொஞ்ச நேரம் அடைச்சுக்கும், வால்வை அடைக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். இந்த முறை எல்லா நாட்டு மெக்கானிக்குக்கும் தெரிஞ்சதுதான், எங்க மேஸ்திரி கண்டுபிடிச்சதில்லை. ஆனா அதைச் செய்யுறதுக்குப் பொறுமை வேணும், அது எல்லாருக்கும் இல்லை.

1980-ல் டீசல் அம்பாசிடர் வந்தது. இந்தியாவில் டீசலில் ஓடின முதல் காரு என்று சொல்லுவாங்க. டாக்சிக்காரங்களுக்கு அது வரம். சில பேர் மெட்டடோர் வேன் இஞ்சினையே தூக்கி அம்பாசிடரில் வைச்சாங்க. டீசலில் ஆயில் ரெண்டே நாளில் கருத்துப் போகும், ஆயிலோட நிறத்தை வைச்சு எதையும் சொல்ல முடியாது. பேக் கம்ப்ரெஷன் முத்தினா இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரீதர் வழியா வர்ற ஆயிலையே இஞ்சின் உறிஞ்சி எரிக்க ஆரம்பிச்சுட்டா, டீசலை நிறுத்தினாலும் நிக்காது. தானாவே கத்திக்கிட்டு ஏறும். சாக்கை வைச்சு காத்துப் போற வாயை அடைச்சாத்தான் அடங்கும். பொள்ளாச்சி சந்தையில் ஒரு தடவை அப்படி ஒரு வண்டி கத்தினதில் மாடெல்லாம் கயிறை அத்துக்கிட்டு ஓடிச்சு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஆட்டமே மாறிச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர். எங்க ஊருக்கு அது வந்து சேர இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷம் ஆச்சு, அதுவும் பழசா. அதில் வால்வு தண்டுக்கு மேல ரப்பர் சீல் நல்லபடியா இருக்கும். ரப்பர் சூட்டில் கிடந்து பத்து வருஷத்தில் காஞ்ச மிளகாய் மாதிரி விறைச்சுப் போகும். ரிங்கு நல்லா இருக்கும், சீல் செத்திருக்கும். காலையில் மட்டும் ஒரு குபுக் புகை. பெரிய மேஸ்திரி கேட்கிற கேள்வியைக் கேட்டிருந்தா ஒரு நாள் வேலை. அம்பாசிடர் காலத்துத் தீர்ப்பையே மனப்பாடமா வைச்சிருந்தவங்க அந்த இஞ்சினையும் இறக்கிப் போர் அடிச்சாங்க. தேயாத சிலிண்டரைத் தேய்ச்சு, பெரிய பிஸ்டன் போட்டு, பழைய சீலையே மாட்டி அனுப்பின கதையும் உண்டு. வண்டி மறுபடி குடிக்கும். "ரிங்கு சரியா உக்காரலீங்க, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்பாங்க.

அடுத்த மாத்தம்தான் என் கணக்கில் ரொம்பப் பெரிசு, ஆனா அதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு நகரத்திலும் புது பெட்ரோல் காருக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆச்சு. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்க, ஏன்னா ஈயம் அந்தக் கன்வெர்ட்டரைக் கொன்னுரும். காத்துக்கு நல்லது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனா சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெட்டி, சூடா இருக்கும்போது கொஞ்சம் நஞ்சம் வர்ற ஆயில் புகையையும் எரிச்சு விட்டுரும். வண்டி ஆயில் குடிக்கும், பின்னால நீலம் தெரியாது. ஐம்பது வருஷமா மெக்கானிக்குக்குச் சாட்சி சொன்ன புகை வாயை மூடிக்கிச்சு. "புகையே இல்லீங்க, ஆயில் எங்க போகும்?" என்று நம்பி ஓட்டி, பேரிங் அடிபட்டு, கிராங்க்கோட போன வண்டி எங்க சுத்துவட்டாரத்திலேயே ரெண்டு இருக்கு. எரிஞ்ச ஆயிலில் இருக்கிற துத்தநாகமும் பாஸ்பரஸும் அந்தக் கன்வெர்ட்டர் மேலயே படிஞ்சு அதையும் கெடுத்துரும், அது தனிச் செலவு.

இப்போ வர்ற இஞ்சின்கள் இன்னொரு விதம். மைலேஜுக்காக ஆயிலைத் தண்ணி மாதிரி இளக்கமாக்கிட்டாங்க, ரிங்கோட அழுத்தத்தையும் குறைச்சுட்டாங்க. ஆயிலை நேரத்துக்கு மாத்தாம விட்டா, ஆயில் ரிங்குக்குப் பின்னால இருக்கிற பொடி ஓட்டையெல்லாம் கரி அடைச்சு ரிங்கு ஒட்டிக்கும். தேய்ஞ்சிருக்காது, ஒட்டியிருக்கும். மேல் ரிங்கு நல்லா இருக்கிறதால கம்ப்ரெஷன் மீட்டர் நல்ல அளவையே காட்டும், ஆனா ஆயில் போகும். பிரீதர் இருந்த இடத்தில் இப்போ பிசிவி வால்வு என்று ஒரு சின்ன உருப்படி இருக்கு. அது அடைச்சாலோ திறந்தபடி சிக்கிக்கிட்டாலோ ஆயில் ஆவி மொத்தமும் உறிஞ்சப்பட்டு எரியும். டீசலில் டர்போ வேற. டர்போ தண்டு சீல் போனா காத்துப் போற ரப்பர் ஹோஸுக்குள்ள விரலை விட்டா ஆயில் வழியும். சில கம்பெனிகளோட கையேட்டில் 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரைக்கும் குடிக்கலாம் என்றே அச்சடிச்சிருக்காங்க. பெரிய மேஸ்திரி அதைப் படிச்சிருந்தா புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பார்.

போன வருஷம் எங்க பங்காளி மகன் பழைய பெட்ரோல் காரு ஒண்ணு எடுத்தான். பதினோரு வருஷ வண்டி. 1500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைஞ்சது. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாலயே "ரிங் போச்சு" என்று சொல்லிட்டாங்க. அந்த மாசம்தான் தங்கச்சிக்கு ஹாஸ்டல் பணம் கட்டணும், இவன் மாட்டுக்கு ஆள் பார்த்துக்கிட்டிருந்தான். பெரிய மேஸ்திரிகிட்ட வேலை கத்தவர் ஒருத்தர் உடுமலை ரோட்டில் ஷெட் வைச்சிருக்கார், அங்கே கூட்டிட்டுப் போனோம். அவரும் மட்டக்கோலில் கோடு, அடியில் அட்டை, பையில் சீட்டு. மாறவே இல்லை. மூணு நாள் கழிச்சுப் பார்த்தா அட்டை சுத்தம், நாலு சிலிண்டரும் ஒரே கம்ப்ரெஷன், காலையில் மட்டும் லேசா ஒரு நீலம். பிசிவி வால்வை எடுத்து ஆட்டினார், சத்தமே இல்லை. நல்லா இருந்தா கிலுகிலுப்பை மாதிரி ஆடணுமாம். அதை மாத்தி, ஹெட்டைக் கழட்டாமலே வால்வு சீலையும் மாத்தினார். பிளக் ஓட்டை வழியாக் காத்து அடிச்சு, வால்வு கீழே விழாமப் பிடிச்சுக்கிட்டுச் செய்யுற வேலை, பார்க்கவே நல்லா இருந்துச்சு. இஞ்சின் வேலைக்குச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகலை. முழுசா நிக்கலை என்பதையும் சொல்லிடணும். இப்பவும் 4000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கேட்குது. ஆயில் ரிங்கில் கொஞ்சம் கரி இருக்கும், ஆயிலை 5000-க்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே வா என்று சொல்லியிருக்கார். டிக்கியில் ஒரு டப்பா வைச்சிருக்கான், அந்தக் காலத்து டாக்சிக்காரங்க மாதிரியே. மாடு தொழுவத்திலேயே இருக்கு.

அம்பாசிடரை 2014 மே மாசம் உத்தர்பாராவில் நிறுத்திட்டாங்க. மாருதி 800-ம் அதே வருஷம்தான் நின்னுச்சு. பெரிய மேஸ்திரி ஷெட் இருந்த இடத்தில் இப்போ வாட்டர் வாஷ் நடக்குது. பொள்ளாச்சியில் அவர் பிளாக் கொடுத்து அனுப்புற லேத் இன்னும் இருக்கு. போர் அடிக்கிற மிஷின் அதேதான், பச்சைப் பெயிண்டு உரிஞ்சு நிக்குது. இப்போ அங்கே வர்றதில் பாதி டிராக்டரும் பவர் டில்லரும், மீதி மோட்டார் சைக்கிள் பிளாக். போன மாசம் டில்லர் வேலையாப் போனப்போ மூலையில் ஒரு அம்பாசிடர் பிளாக் கிடந்துச்சு. யாரோ தாத்தா வண்டியை ஓட வைக்கணும் என்று கொண்டுவந்து போட்டிருக்காங்க. லேத்துக்காரர் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "40 போயாச்சுங்க, ஸ்லீவ்தான்" என்று சொல்லிட்டு அளவெடுக்க ஆரம்பிச்சார்.